பயந்தவர்களின் விசுவாசம்: யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன்

தெல்லிப்பழையில் யூனியன் கல்லூரி, வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி, உடுவிலில் மகளிர் கல்லூரி, மானிப்பாயில் கிறீன் ஆஸ்பத்திரி. இவற்றில் ஒன்றின் வாசலையேனும் மிதிக்காத வலிகாமத்துக் குடும்பங்கள் மிகக் குறைவு. சைவக் குடும்பமோ கிறிஸ்தவக் குடும்பமோ, யாராவது ஒரு பெரியம்மா உடுவிலில் படித்திருப்பார், யாராவது ஒரு பிள்ளை மானிப்பாயில் பிறந்திருக்கும். இவற்றை அமெரிக்க மிசன் தொடங்கியது என்பது எல்லோருக்கும் தெரியும். தொடங்கியவர்கள் எத்தனை வயதில், எந்த நிலையில் வந்தார்கள், என்ன விலை கொடுத்தார்கள் என்று கேட்டால் அநேகமாக யாருக்கும் தெரியாது. புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்களே புதியவை. அவர்களுக்காகவும், மறந்துபோன எங்களுக்காகவும், சில விடயங்களை இங்கே தொகுத்திருக்கிறோம்.

கதை ஒரு வைக்கோற் போரில் தொடங்குகிறது. 1806 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம், அமெரிக்காவின் மசசூசெட்ஸ் மாநிலத்தில் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர்கள் ஐந்து பேர் வயலோரமாகக் கூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்கள். இடியும் மழையும் வந்தன. பக்கத்திலிருந்த வைக்கோற் போருக்கு அருகில் ஒதுங்கினார்கள். அங்கேதான் ஆசியாவுக்குப் போய் ஊழியம் செய்வது பற்றிப் பேசினார்கள் என்பது அமெரிக்கத் திருச்சபை வரலாற்றில் பிரசித்தமான செய்தி. அந்த ஐவரில் ஒருவர் ஜேம்ஸ் றிச்சட்ஸ். பதினாறு ஆண்டுகளுக்குப் பின்னர் அவர் தெல்லிப்பழையில் இறந்தார். மற்ற நால்வரில் யாரும் யாழ்ப்பாணத்துக்கு வரவில்லை.

1810 இல் அமெரிக்க வெளிநாட்டு மிசன் சங்கம் உருவானது. 1812 இல் அந்தச் சங்கம் அனுப்பிய முதற் குழு கல்கத்தாவில் இறங்கியபோது, கிழக்கிந்தியக் கம்பனி அவர்களை நாட்டை விட்டு வெளியேறச் சொன்னது. அமெரிக்காவும் பிரித்தானியாவும் அப்போது யுத்தத்தில் இருந்தன. குழுவில் இருந்த சாமுவேல் நியூவெல் என்பவரும் அவரது மனைவி ஹரியற்றும் மொறீசியஸ் தீவுக்குக் கப்பலேறினார்கள். வழியில் ஹரியற்றுக்குக் கப்பலிலேயே குழந்தை பிறந்து இறந்துபோனது. 1812 நவம்பர் 30 ஆம் நாள் மொறீசியஸில் ஹரியற்றும் இறந்தார். அப்போது அவருக்கு வயது 19.

போக இடமில்லாமல், அனுமதிப் பத்திரம் இல்லாமல், கப்பலிலிருந்து கப்பலுக்கு மாறி, பிள்ளையையும் மனைவியையும் வழியிலே அடக்கம் செய்துவிட்டு வந்த அந்த மனிதர்தான் 1813 இல் இலங்கையில் கரையேறினார். எம்மவர்களில் எத்தனையோ பேருடைய கதையும் இதற்குக் கிட்டத்தட்ட இதேதான், திசை மட்டும் வேறு. தேசாதிபதி பிறவுண்றிக் அவரை நல்லவிதமாக நடத்தினார். யாழ்ப்பாணம் ஊழியத்துக்கு ஏற்ற இடம், அங்கே பேசப்படும் தமிழ் கடலுக்கு அப்பால் பெரிய நிலப்பரப்பிலும் பேசப்படுகிறது என்று நியூவெல் அமெரிக்காவுக்கு எழுதினார். பிறகு அவர் பம்பாய்க்குப் போய்விட்டார். 1821 இல் அங்கே வாந்திபேதியில் இறந்தார்.

அவருடைய எழுத்தை நம்பி 1815 ஒக்ரோபர் 23 இல் நியூபெரிபோட் துறைமுகத்திலிருந்து ‘ட்றையட்’ என்ற சிறிய பாய்க்கப்பல் புறப்பட்டது. ஐந்து மாதப் பயணத்தின் பின் 1816 மார்ச் 22 இல் கொழும்பை அடைந்தது. அதில் வந்தவர்களில் நால்வர் யாழ்ப்பாணத்துக்கு என்று குறிக்கப்பட்டவர்கள்: டானியல் பூவர், ஜேம்ஸ் றிச்சட்ஸ், பெஞ்சமின் மெய்க்ஸ், எட்வேட் வாறன். பூவரும் வாறனும் தெல்லிப்பழைக்கும், றிச்சட்ஸும் மெய்க்ஸும் வட்டுக்கோட்டைக்கும் போனார்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் காலத்துக் கோயில் கட்டடங்கள் இரண்டு இடத்திலும் பாழடைந்து கிடந்தன. அவற்றைத் திருத்திக் குடியேறினார்கள். தஞ்சாவூரிலிருந்து வந்து யாழ்ப்பாணத்தில் ஏற்கெனவே ஊழியம் செய்துகொண்டிருந்த கிறிஸ்தியான் தாவீது என்ற தமிழர் அவர்களுக்கு உதவியாக இருந்தார். மிசனரி வரலாற்றை வெள்ளைக்காரரோடு மட்டும் தொடங்குபவர்கள் இந்த மனிதரை வழக்கமாக விட்டுவிடுவார்கள்.

எட்வேட் வாறன் வைத்தியமும் தெரிந்தவர். தெல்லிப்பழையில் நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கி ஒரு வருடமாகும் முன்னரே, அவருக்கே நெஞ்சிலிருந்து இரத்தம் வந்தது. சயரோகம். றிச்சட்ஸுக்கும் அதே நோய். நாலு பேரில் இருவர் விழுந்துவிட்டார்கள். காற்று மாற்றம் தேடி 1818 இல் இருவரும் தென்னாபிரிக்காவின் நன்னம்பிக்கை முனைக்குக் கப்பலேறினார்கள். அந்த ஆண்டு ஓகஸ்ட் 11 இல் வாறன் அங்கே இறந்தார். யாழ்ப்பாணத்தில் அவர் இருந்த காலம் இரண்டு ஆண்டுகூட இல்லை.

எங்களை இந்த வரலாற்றில் அதிகம் நிறுத்தி வைப்பவர் றிச்சட்ஸ்தான். நண்பனைக் கேப் நகரில் அடக்கம் செய்தபின், அங்கிருந்து அமெரிக்காவுக்குத் திரும்புவதற்கு எல்லா நியாயமும் அவருக்கு இருந்தது. தனக்கு என்ன நோய், அது எப்படி முடியும் என்பதையும் கண்ணால் கண்டுவிட்டார். ஆனால் அவர் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பி வந்தார். சத்தமாகப் பேச முடியாத நிலை. பிரசங்கம் செய்ய வந்தவருக்குக் குரல் போய்விட்டது. முடிந்த நாட்களில் நோயாளிகளைப் போய்ப் பார்த்தார், முடியாத நாட்களில் படுத்திருந்தார். 1822 ஓகஸ்ட் 3 இல் தெல்லிப்பழையில் காலமானார். எந்தப் பெரிய காரியத்தையும் அவர் செய்து முடிக்கவில்லை. அவர் பெயரில் கல்லூரி இல்லை, ஆஸ்பத்திரி இல்லை. தேவனை நம்புவது என்றால் காரியம் வாய்க்கும் என்று நம்புவது என்று நினைப்பவர்கள் றிச்சட்ஸின் கதையை எப்படி வாசிப்பார்கள் என்று நாங்கள் யோசித்ததுண்டு.

இதற்கிடையில் 1821 மே மாதத்தில் டானியல் பூவரின் மனைவி சூசனும் இறந்திருந்தார்.

*தடைக்காலம்*

1820 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இரண்டாவது குழு யாழ்ப்பாணத்தில் நிலைகொண்டது. மைரன் வின்சிலோ, லீவை ஸ்போல்டிங், ஹென்றி வூட்வேட், வைத்தியர் ஜோன் ஸ்கடர் ஆகியோர். ஸ்கடர் நியூயோர்க்கில் நல்ல வருமானத்தோடு வைத்தியம் செய்துகொண்டிருந்தவர். ஒரு நோயாளியின் வீட்டில் காத்திருந்த நேரத்தில் கையில் கிடைத்த ஒரு சிறு நூலை வாசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தார். அந்த நூலை எழுதிய இருவரில் ஒருவர், மொறீசியஸில் மனைவியைப் புதைத்த அதே நியூவெல். ஸ்கடர் தம்பதியரின் முதற் குழந்தை வரும் வழியில் கல்கத்தாவில் இறந்தது. ஸ்கடர் பண்டத்தரிப்பில் ஆஸ்பத்திரி தொடங்கினார்.

அதே ஆண்டு ஜேம்ஸ் காரற் என்ற அச்சுத் தொழிலாளி, அச்சியந்திரத்தின் பின்னால் அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தார். அந்த நேரம் பிறவுண்றிக் போய், எட்வேட் பாண்ஸ் அதிகாரத்துக்கு வந்திருந்தார். காரற் மூன்று மாதத்துக்குள் தீவை விட்டு வெளியேற வேண்டும் என்று உத்தரவு வந்தது. மிசனரிமார் மனுக் கொடுத்தார்கள், கெஞ்சினார்கள், பயனில்லை. காரற் பம்பாய்க்குப் போனார். புதிதாக அமெரிக்க மிசனரிகள் யாரும் இலங்கைக்கு வரக்கூடாது என்ற இந்தத் தடை 1833 வரை நீடித்தது.

இங்கே கணக்கெழுதும் தொழிற் பழக்கத்தில் ஒரு கூட்டல் கழித்தல் செய்து பார்த்தோம். முதற் குழுவில் நால்வர், இரண்டாம் குழுவில் நால்வர், மொத்தம் எட்டு. வாறன் இறந்தார், றிச்சட்ஸ் இறந்தார். மிச்சம் ஆறு ஆண்கள், அவர்களின் மனைவிமார். பதின்மூன்று வருடங்களுக்கு ஊரிலிருந்து ஓர் ஆளும் வரமாட்டார். கடிதம் போய்ச் சேர ஐந்தாறு மாதம், பதில் வர இன்னும் ஐந்தாறு மாதம். ஊரில் வாந்திபேதி. 1817 இல் வங்காளத்தில் கிளம்பிய கொள்ளைநோய் யாழ்ப்பாணத்தையும் எட்டிவிட்டிருந்தது. எந்தக் கணக்காளனும் இந்த ஐந்தொகையைப் பார்த்துவிட்டு, நிறுவனத்தை மூடுங்கள் என்றுதான் எழுதிக் கொடுப்பான்.

ஆனால் வட்டுக்கோட்டை செமினறி தொடங்கியது 1823 இல். உடுவில் பெண்கள் விடுதிப் பாடசாலையை ஹரியற் வின்சிலோ தொடங்கியது 1824 இல். இரண்டும் தடைக்காலத்தின் நடுவில். இதைத் தற்செயல் என்று நாங்கள் நினைக்கவில்லை. வெளியிலிருந்து ஆள் வராது என்பது உறுதியானபோதுதான், இங்குள்ள பிள்ளைகளைப் படிப்பித்து ஆளாக்க வேண்டும் என்பது அவர்களுக்கு அவசரமானது. ஆறு பேருக்கு இருந்த பயம்தான் அந்தப் பள்ளிக்கூடங்களின் அத்திவாரத்தில் ஒரு கல். செமினறியில் தமிழும் ஆங்கிலமும் கணிதமும் வானசாத்திரமும் படிப்பித்தார்கள். சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளாக அவரும் கறோல் விசுவநாதபிள்ளையும் வெளிவந்தது எம்மவர்கள் இன்றும் பெருமையோடு சொல்லும் செய்தி. தொல்காப்பியம், கலித்தொகை போன்ற நூல்களைப் பதிப்பித்த தாமோதரம்பிள்ளை பின்னாளில் சைவராகவே வாழ்ந்தார் என்பதையும் சொல்ல வேண்டும். மிசன் எதிர்பார்த்த விளைச்சல் வேறு, தமிழுக்குக் கிடைத்த விளைச்சல் வேறு.

1833 இல் தடை நீங்கிப் புதியவர்கள் வந்தார்கள். அந்த ஆண்டு ஜனவரியில்தான் ஹரியற் வின்சிலோ உடுவிலில் இறந்திருந்தார். காரற்றுக்குக் கொடுத்துவைக்காத அச்சு வேலை மானிப்பாயில் 1834 அளவில் தொடங்கியது. 1841 இல் ‘உதயதாரகை’ பத்திரிகை வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர்கள் இருவரும் யாழ்ப்பாணத் தமிழர்கள், பெயர்களோ ஹென்றி மாட்டின், சேத் பேசன். விடுதிப் பிள்ளைகளைப் பராமரிக்கப் பணம் அனுப்பிய அமெரிக்க உபகாரிகள் விரும்பிய பெயர்களை அந்தப் பிள்ளைகளுக்கு வைக்கும் வழக்கம் இருந்தது. காசு கொடுத்தவன் பெயர் வைத்தான். நன்றியோடு நினைக்க வேண்டியவர்களைப் பற்றி எழுதும்போதும் இதை மறைக்க முடியாது. ஒரு பிள்ளையின் பெயரை மாற்றுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதை, வெள்ளைக்கார ஆசிரியர்களின் வாய்க்கு வசதியாகப் பிள்ளைகளின் பெயர்களைச் சுருக்கிக்கொண்ட நாங்கள் அறிவோம்.

ஆறுமுக நாவலர் 1848 இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியது இந்த நெருக்குதலுக்கு மறுமொழியாகவே. வெஸ்லியன் மிசன் பள்ளியில் படித்து, அங்கேயே படிப்பித்து, பேர்சிவல் பாதிரியாரோடு வேதாகம மொழிபெயர்ப்பில் உழைத்தவர் அவர். மிசனிடமிருந்து கற்ற பள்ளிக்கூடம், அச்சு, பிரசங்கம் ஆகிய மூன்றையும் கொண்டே மிசனுக்குப் பதில் சொன்னார்.

*பணம் இல்லாமற்போன ஆண்டு*

நோயும் அரசாங்கமும் மட்டும் பயம் தரவில்லை. 1837 இல் அமெரிக்காவில் வங்கிகள் முறிந்தன. சங்கத்துக்கு வரும் காணிக்கை விழுந்தது. எல்லா மிசன்களும் செலவைக் குறைக்க வேண்டும் என்று பொஸ்ரனிலிருந்து உத்தரவு போனது. யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கும் அதிகமான கிராமப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன, ஏறக்குறைய ஐயாயிரம் பிள்ளைகள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். இருபது வருட உழைப்பு, பத்தாயிரம் மைலுக்கு அப்பால் ஏதோ ஒரு வங்கியின் பேரேட்டில் நடந்த பிழைக்காகச் சில மாதங்களில் கலைந்தது. பின்னர் பணம் வரவரச் சில பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. மரணத்தைச் சந்திக்கும் விசுவாசத்தைப் பற்றிப் பலரும் எழுதுகிறார்கள். சம்பளம் கொடுக்கப் பணமில்லாத மாதத்தில், வாத்தியாரை அழைத்து “இனி வரவேண்டாம்” என்று சொல்லிவிட்டு இரவில் ஜெபம் செய்யும் விசுவாசத்தைப் பற்றி எழுதுபவர்கள் குறைவு.

செமினறிக்கும் ஒரு முடிவு வந்தது. படித்தவர்கள் ஊழியத்துக்கு வராமல் அரசாங்க உத்தியோகத்துக்குப் போகிறார்கள் என்று சங்கத்துக்குக் கவலை. 1855 இல் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் நேரில் வந்தார், செமினறி மூடப்பட்டது. அதை உருவாக்கிய டானியல் பூவர் அந்த முடிவைப் பார்க்க இருக்கவில்லை. இடையில் சில ஆண்டுகள் மதுரையில் ஊழியம் செய்து திரும்பியிருந்த அவர், 1855 பெப்ரவரி 3 இல் மானிப்பாயில் வாந்திபேதியில் இறந்தார். அதற்கு மூன்று வாரம் முன்னர், ஜனவரி 13 இல், சென்னைப் பக்கம் போய் ஊழியம் செய்த ஸ்கடர் நன்னம்பிக்கை முனையில் இறந்திருந்தார். ஸ்கடரின் பேர்த்தி ஐடா ஸ்கடர்தான் வேலூர் ஆஸ்பத்திரியை உருவாக்கியவர். திண்டிவனத்தில் ஓர் இரவில், ஆண் வைத்தியர் பார்க்கக்கூடாது என்ற காரணத்தால், மூன்று பெண்கள் பிரசவத்தில் இறந்ததைக் கண்டு வைத்தியம் படிக்கப் போனவர் அவர். யாழ்ப்பாணத்திலிருந்து வேலூருக்கு நோயாளிகளைக் கொண்டுபோன குடும்பங்களுக்கு, அந்த ஆஸ்பத்திரியின் கதை பண்டத்தரிப்பில் தொடங்கியது என்பது தெரிந்திருக்காது. வட்டுக்கோட்டையில் 1872 இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது, ஊரவர்களின் வற்புறுத்தலாலும் பணத்தாலும்.

மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847 இல் வந்தார். மானிப்பாயில் வைத்தியம் பார்த்துக்கொண்டே மாணவர்களுக்கு வைத்தியம் படிப்பித்தார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் உத்தியோகம் தேடி ஊரை விட்டுப் போவதைக் கண்டு, 1860 களில் வகுப்பைத் தமிழுக்கு மாற்றினார். அறுபதுக்கும் மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை உருவாக்கினார். மாணவர்களோடு சேர்ந்து மருத்துவ நூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ 1872 இல் வெளிவந்தது. தமிழில் அறிவியல் படிக்க முடியுமா என்று இன்றும் விவாதிப்பவர்கள் அந்த நூலை ஒருதரம் புரட்டிப் பார்க்கலாம்.

எலைசா அக்னியூ 1840 இல் வந்தார், 1883 இல் மானிப்பாயில் இறந்தார். இந்த 43 ஆண்டுகளில் ஒருமுறைகூட ஊருக்குப் போகவில்லை. உடுவிலில் தாயைப் படிப்பித்து, மகளைப் படிப்பித்து, பேத்தியையும் படிப்பித்தவர். ஆயிரம் பிள்ளைகளின் தாய் என்று அவரைச் சொன்னார்கள். மணமாகாத, சொந்தத்தில் யாரும் அருகில் இல்லாத ஒரு பெண். 43 ஆண்டு ஊர் காணாமல் இருப்பது என்றால் என்ன என்பதை வாசகர்களுக்கு நாங்கள் விளக்கத் தேவையில்லை. அவர் தெரிந்தெடுத்தார், எங்களில் பலருக்குத் தெரிவு இருக்கவில்லை. அந்த வித்தியாசம் பெரிது.

*எங்கள் காலத்தில்*

1947 இல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிசன் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையில் இணைந்தன. சபாபதி குலேந்திரன் முதல் பேராயரானார். அதற்கு முன்னரே யாழ்ப்பாணத் தமிழ் மாணவர்கள் தாங்களே ஒரு மிசன் சங்கம் அமைத்து, கடலுக்கு அப்பால் தொண்டிக்கு ஊழியர்களை அனுப்பியிருந்தார்கள்.

பிறகு யுத்தம். 1984 டிசம்பரில் மெதடிஸ்த போதகர் ஜோர்ஜ் ஜெயராஜசிங்கம் மன்னாரில் கொல்லப்பட்டார். சில வாரங்களில், 1985 ஜனவரி 6 இல், வங்காலைப் பங்குத்தந்தை மேரி பஸ்ரியன் அடிகளார் கொல்லப்பட்டார். அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து 1948 இல் வந்து, மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கிய யேசுசபைக் குரு இயூஜின் ஹேபேட் அடிகளார், 1990 ஓகஸ்ட் 15 இல் வாழைச்சேனையில் அகப்பட்டிருந்த கன்னியர்களின் பாதுகாப்புக்காகப் போய்விட்டு, ஒரு தமிழ்ப் பையனோடு மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில் காணாமற்போனார். இருவரும் திரும்பவில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருந்த அவர் எப்போதும் வெளியேறியிருக்கலாம்.

1995 ஜூலை 9 இல் நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்த மக்கள் மேல் குண்டு விழுந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த ஆண்டு ஒக்ரோபர் 30 இரவு நாங்களும் மழையில் நாவற்குழிப் பாலத்தில் நின்றோம். பதுங்குகுழியில் 91 ஆம் சங்கீதத்தை மனப்பாடமாகச் சொல்லி வளர்ந்த பிள்ளைகள் கூடவே நின்றார்கள். ஆயிரம் பேர் விழுந்தாலும் உன்னை அணுகாது என்ற பொருள்பட அந்தச் சங்கீதம் பேசுகிறது. நவாலியில் இறந்தவர்களும் அதைச் சொல்லியிருப்பார்கள் என்று ஒரு பிள்ளை கேட்டது. பெரியவர்கள் யாரும் பதில் சொல்லவில்லை. “நட பிள்ளை, நட” என்றார் ஓர் ஆச்சி. அவர் உடுவிலில் படித்தவர். நடந்துகொண்டே தனக்குள் சங்கீதத்தைத் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்.

றிச்சட்ஸுக்கும் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்திருக்குமென்று எங்களுக்குத் தோன்றவில்லை. அவர் கேப் நகரத்திலிருந்து திரும்பிவந்தது பதில் கிடைத்ததால் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை.

வட அமெரிக்காவில் இருக்கும் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு. பொஸ்ரனிலிருந்து மேற்கே காரில் ஏறக்குறைய ஒரு மணித்தியாலத்தில் வூஸ்ரர் நகரம் வரும். கிறீன் வைத்தியர் 1873 இல் அங்கே திரும்பிப் போய், 1884 இல் இறக்கும் வரை தமிழ் மருத்துவ நூல்களைத் திருத்திக்கொண்டிருந்தார். அந்நகரின் றூறல் மயானத்தில் அவருடைய கல்லறை இருக்கிறது. தமிழருக்கு ஊழியம் செய்த வைத்தியர் என்று கல்லில் பொறிக்கும்படி அவரே கேட்டிருந்தார், அப்படியே பொறித்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகலாம்.